பாவவண்டு

எங்கள் ஊசிக்காட்டில் வண்டுகள் மரங்களை விட்டுவிட்டு மனிதர்கள்மேல் வந்து உட்கார ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், எல்லோரும் மார்பில் தட்டிக்கொள்ளும் இடத்தில். கோயில் உபதேசியார் செபமாலை என்பவருடைய சட்டையின் வெள்ளைக் காலரில், மரப்பட்டை நிறத்தில், உடம்பைவிட நீளமான மீசையோடு ஒன்று வந்து சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இறங்கியது, அவர் தட்டிவிட்டார், அது ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்தில் உட்கார்ந்தது, மறுபடி தட்டிவிட்டார், மறுபடி உட்கார்ந்தது, கடைசியில் அவர் அதோடேயே போய் நற்கருணை வாங்கிக்கொண்டு வந்தார், நாங்களும் அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் அடுப்பில் வைத்த கறி ஞாபகம் வந்து, கலைந்து போனோம். யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட்டிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்போம், யோசித்திருந்தால் இதை எழுதும்போது இப்படிக் கூசாது.

ஊசிக்காடு, வெள்ளைக்காரர்கள் நட்டுவிட்டுப் போன பைன் காட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டிருக்கும் ஒரு மலையூர். சுற்றுலா வருகிறவர்கள் வரிசையாக நிற்கும் மரங்களுக்கு நடுவே தலையைச் சாய்த்துப் படம் எடுத்துக்கொண்டு, வேகவைத்த மக்காச்சோளத்தைத் தின்று, சக்கையை அங்கேயே எறிந்துவிட்டுப் போவார்கள், அந்தச் சோளத்தையும் தேநீரையும் கம்பளித் தொப்பியையும் விற்றுத்தான் நாங்கள் பிழைக்கிறோம். காடு எங்களுக்குத் தாய் என்றெல்லாம் நான் கதை விடமாட்டேன். காடு எங்களுக்குக் கடை. அந்தக் கடை ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு உச்சியிலிருந்து சிவக்க ஆரம்பித்தது. ஊசிகள் உதிரவும் இல்லை, பச்சையாகவும் இல்லை, துருப்பிடித்த கம்பி மாதிரி மரத்திலேயே நின்றன, முதலில் காட்டை ஒட்டிய கடைசி வீட்டுக்குப் பின்னால் ஒரு மரம், பிறகு அதன் பக்கத்து மரம், பிறகு ஒரு வரிசை.

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து சுகிர்தா மேடம் வந்தது அதற்காகத்தான். மார்த்தாண்டத்துப் பெண், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், பூச்சியைப் பற்றிப் படித்தே டாக்டர் பட்டம் வாங்கியவர், பேசுகிறபோது நம் முகத்தைப் பார்க்காமல் நமக்குப் பின்னாலிருக்கும் மரத்தைப் பார்க்கிறவர். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கறுப்புப் புனல்களைக் கிளைகளில் தொங்கவிட்டு, அடியில் ஒரு குடுவையைக் கட்டி, உள்ளே டர்பன்டைன் நாற்றமடிக்கும் மருந்தை வைத்தார். வண்டு மணத்துக்கு வரும், வழுக்கிக் குடுவையில் விழும், எண்ணிப் பார்த்து நோய் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கலாம்.

"வண்டு கொல்லாது, கேட்டியளா," என்று எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். "வண்டுக்க உள்ளுக்குள்ள ஒரு புழு உண்டு, தலைமுடியவிட மெலிசு. வண்டு கிளையக் கடிக்கும்போ அது எறங்கி மரத்துக்குள்ள போயிரும். பொறவு தண்ணி மேல ஏறாது. நின்ன நிலையில வாடும். வண்டு சும்மா வண்டிதான்."

"அப்ப அது ஏன் மேடம் நல்ல மரத்துக்குப் போகாம வாடுற மரமாத் தேடிப் போகுது?" என்று கேட்டார் கடைக்கார சந்தியாகு.

"முட்டை போட. வாடத் தொடங்குன மரத்துக்கு ஒரு மணம் உண்டு. நமக்குத் தெரியாது. அதுக்குத் தெரியும்."

உபதேசியார் காலரில் வண்டு உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்தக் குடுவைகள் காலியாகவே கிடந்தன. வண்டுகள் குறைந்துவிடவில்லை, அவை எங்களிடம் வந்துவிட்டன. சந்தியாகுவின் வலது மணிக்கட்டில் ஒன்று, தராசைப் பிடிக்கிற கையில். சாமான் வாங்க வந்தவர்கள் முள்ளைப் பார்ப்பதை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பார்த்தார்கள். ஜீப் ஓட்டுகிறவர்கள் தோளில், பஞ்சாயத்து மெம்பர் மடியில், புதிதாகக் கலியாணமான ஒருத்தியின் தாலிக்கயிற்றில். சுகிர்தா மேடம் காட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டுக் காலையில் வீடு வீடாக வர ஆரம்பித்தார், கையில் கண்ணாடிக் குப்பி, ஒரு சாமணம்; "கொஞ்சம் திரும்புங்க" என்பார், திரும்பினோம், "தலையக் குனிங்க" என்பார், குனிந்தோம், பால்காரர் வந்துபோகிற மாதிரி அவரும் வந்துபோனார். அவர் ஒன்றை எடுத்தால் மதியத்துக்குள் வேறொன்று வந்துவிடும், அதே ஆளுக்கு, அதே இடத்தில்.

"ஏன் மேடம் மனுசன் மேல?" என்று அவரையே கேட்டேன்.

"ஆளும் உள்ளுக்குள்ள வாடுனா ஒரு மணம் வரும்போல," என்று தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அதற்குமேல் அவருக்கும் அக்கறை இல்லை, எங்களுக்கும் இல்லை. ஏன் வருகிறது என்பதைவிட யார்மேல் வருகிறது என்பது எவ்வளவு சுவாரசியமான விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

காட்டை ஒட்டிய அந்தக் கடைசி வீடு பவுலினுடையது. அவள் புருஷன் டொமினிக் பாடற்குழுவில் கூடப் பாடின ஒருத்தியோடு திருப்பூருக்குப் போய்விட்டான். அவன் போனதற்கு இவள் என்ன செய்தாள் என்று கேட்டால் எங்களில் யாருக்கும் பதில் கிடையாது, ஆனால் ஏதோ செய்திருப்பாள் என்பதில் யாருக்கும் சந்தேகமும் கிடையாது. மாதா சபையிலிருந்து அவள் பெயரை எடுத்தோம், கலியாணப் பத்திரிகை கொடுக்கிறபோது அவள் வீட்டைத் தாண்டி நடந்தோம், அவள் குழாயடிக்கு வந்தால் பேச்சை நிறுத்தினோம், நிறுத்தின பேச்சு எதைப் பற்றியது என்று அவளுக்குத் தெரிகிற மாதிரி நிறுத்தினோம். அவளும் முன்தெருவை விட்டுவிட்டுக் காட்டுப்பக்கமாகச் சுற்றி, ஊர் தூங்குகிற மதியத்தில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து தண்ணீர் பிடித்துப் போவாள். கம்பளி பின்னிப் பிழைத்தாள். தப்புச் செய்தவன் திருப்பூரில் பனியன் தைத்துக்கொண்டிருந்தான், அவன்மேல் ஒரு ஈகூட உட்கார்ந்திருக்காது.

ஒருநாள் மதியம் சுகிர்தா மேடம் எங்களோடு குழாயடியில் நின்றுகொண்டிருந்தபோது பவுலின் வந்தாள். எங்களுக்கு ஒன்று இரண்டு. அவளுக்கு உடம்பு முழுக்க. முக்காட்டில், தோளில், முதுகில், முழங்கையில், ஒன்றின் மீசை ஒன்றில் உரச, வாடின மரத்தை மொய்க்கிற மாதிரி மொய்த்திருந்தன, அவள் நடந்தால் அவளிடமிருந்து கிறீச் கிறீச் என்று சத்தம் வந்தது. மேடம் குப்பியைக் கீழே வைத்துவிட்டார். முதல்முறையாக மரத்தைப் பார்க்காமல் ஓர் ஆளைப் பார்த்தார். பிறகு, வாய்க்குள்ளேயே, ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"பாவம்."

அவ்வளவுதான். படித்தவர் சொல்லிவிட்டார், அதுவும் அத்தனை பேர் முன்னால். சாயங்காலத்துக்குள் வண்டுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது, பாவவண்டு.

பெயர் வந்தபிறகு எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் பெண்ணுடைய அப்பாவின் காலரைப் பார்த்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் படுக்கப்போகும் முன் ஒருவர் முதுகை ஒருவர் தடவினார்கள், ஆசையில் இல்லை. இஞ்ஞாசி ஃபாதர் இது தேவ கிருபை என்று பிரசங்கம் வைத்தார், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் பெருநாள் கூட்டம் நின்றது, சிலருக்கு உள்ளே போய் வந்ததும் வண்டு பறந்துபோனது, சிலருக்கு உள்ளே போய் வந்ததும் இன்னொன்று சேர்ந்தது; கடைசியில் ஃபாதருடைய அங்கியிலேயே, பொத்தான் வரிசையில் ஒரு பொத்தானைப் போல, ஒன்று வந்து உட்கார்ந்து நகர மறுத்தது, அன்றிலிருந்து அவர் பிரசங்கத்தில் வானிலையைப் பற்றிப் பேசினார். ஓட்டுக் கேட்க வந்த ஒரு வேட்பாளர் மைதானத்தில் பொழுது சாயும்வரை பேசினார், ஒரு வண்டுகூட அவர் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, வேட்டி பளிச்சென்று இருந்தது. "பாத்தியா, என்னா சுத்தமான மனுசன்!" என்று ஊரே அவருக்கு ஓட்டுக் குத்தியது. மரப்பட்டை நிறத்தில் ஸ்வெட்டர் போட்டால் வண்டு தெரியாது என்று யாரோ கண்டுபிடித்தார்கள், ஊர் முழுக்க அந்த நிறத்துக்கு மாறியது, அந்த ஸ்வெட்டர்களையெல்லாம் பின்னிக் கொடுத்தவள் பவுலின்தான், அவள் வீட்டுக்குள் போகாமல் வேலிக்கு வெளியே நின்று வாங்கிக்கொண்டோம்.

என்மேல் ஒன்றுகூட உட்காரவில்லை. நான் வேண்டுமென்றே வெள்ளைப் புடவையாக எடுத்துக் கட்டினேன்.

என் வீட்டுக்காரர் ராயப்பனுக்கு மட்டும் வலது காதுக்குப் பின்னால் ஒன்று. தச்சர் பென்சில் செருகின மாதிரி. எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

"யாரு அவ?" என்றேன், சோற்றைப் போட்டுவிட்டு.

"எவ?"

"காதுல உக்காந்திருக்கே, அது எவளால வந்ததுன்னு கேக்கறேன்."

"ஒருத்தியும் இல்ல. ரசத்த ஊத்து."

"சந்தியாகுவுக்குத் தராசு. மெம்பருக்கு ரோடு கான்ட்ராக்ட். உங்களுக்கு ஏதாவது இருக்கணும்ல? சொல்லாம ரசம் கிடையாது."

அவர் வெறும் சோற்றைக் கொஞ்ச நேரம் பிசைந்தார். "நீ பேசறப்பல்லாம் நான் பேசாம இருக்கேன்ல," என்றார். "அதுக்குத்தான்னு நினைக்கிறேன்."

"நான் என்ன பேசறப்ப?"

"யாரையாச்சும் பத்தி."

ரசத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனேன். ஒரு மனுஷனுக்குக் காதில் வண்டு உட்கார்ந்தால் பெண்டாட்டி மேல் பழி போடுவான் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

இதற்குள் காட்டில் பாதி சிவந்துவிட்டது. படம் எடுக்க வந்தவர்கள் வண்டியை நிறுத்தாமல் போனார்கள், சோளம் அவியாமல் கிடந்தது. வனத்துறையிலிருந்து ஒருவர் வந்து, நோய் எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரியாவிட்டால் மிச்சக் காட்டையும் சேர்த்து அடியோடு வெட்டிக் கொளுத்திவிடுவோம், வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து யாரும் வீட்டுக்குப் போகவில்லை. முதலில் செத்த மரம் யார் வீட்டுக்குப் பின்னால்? பவுலின் வீட்டுக்குப் பின்னால். வண்டு அதிகம் யார்மேல்? பவுலின்மேல். அது பாவவண்டு என்று முதலில் சொன்னது யார்? படித்த மேடம். இத்தனையும் சேர்த்துக் கூட்ட எங்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? அவள் ஊரை விட்டுப் போனால் வண்டும் அவள் பின்னாலேயே போய்விடும், காடு பிழைக்கும், கடை திறக்கும். பாவசங்கீர்த்தன இரகசியம் காக்கிற ஃபாதர் அன்றைக்கு அந்தக் கூட்டத்திலும் வாயைத் திறக்கவில்லை. போய்ச் சொல்ல ஆள் வேண்டுமென்றபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கான்வென்ட்டில் பேச்சுப் போட்டிக்கு அனுப்பப்பட்டவள், யார்மேலும் படாமல் பேசத் தெரிந்தவள், வெள்ளைப் புடவைக்காரி.

பவுலின் வாசலில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். நூல்கண்டின்மேல்கூட ஒரு வண்டு.

"உள்ள வாங்கக்கா."

"இருக்கட்டும், நிக்கறேன்." சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன், அழகாகத்தான் சொன்னேன், ஊர் நன்மை, எல்லோருடைய வயிறு, உனக்கும் கொஞ்சம் இடமாற்றமாக இருக்கும்.

அவள் கை நிற்கவில்லை. "நான் போனா மரமெல்லாம் பச்சையாயிருமாக்கா?"

"ஆகும்ங்கறாங்க."

"யாரு?"

"மேடம்தான்."

"மேடமா சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டு ஊசியில் கண்ணி எண்ணினாள். "சரிக்கா. திண்டுக்கல்ல தங்கச்சி இருக்கா. நாளைக்கழிச்சுக் காலைல பஸ்ஸுக்குப் போறேன். இது ஒண்ணு பாதியில நிக்குது, முடிச்சுக் குடுத்துட்டு."

மரப்பட்டை நிறம். "யாருக்கு?"

"உங்க வீட்டுக்காரருக்கு."

மறுநாள் காலையில் சுகிர்தா மேடம் குப்பியோடு என் வீட்டுக்கு வரவில்லை, கோபத்தோடு வந்தார். பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே நுழைந்தார், நான் அப்போதுதான் துடைத்த தரையில்.

"பவுலின் பெட்டி கட்டுகா. நான் போவச் சொன்னேன்னு சொல்லுகா. நான் எப்பம் சொன்னேன்?"

"நீங்கதானே மேடம் குழாயடியில எல்லார் முன்னாடியும் சொன்னீங்க," என்றேன். "பாவம்னு."

"ஆமா, சொன்னேன்!"

"அதைத்தான் நாங்களும் சொல்றோம்."

அவர் என்னையே பார்த்தார். எனக்குப் பின்னாலிருக்கிற எதையும் பார்க்கவில்லை. "எங்க அம்மை யாரையாவது பாத்துப் பாவம்னு சொன்னா, பொறவு வீட்டுக்குள்ள கூப்பிட்டுச் சோறு போடுவா," என்றார் மெதுவாக. "நான் அந்தப் பாவத்தச் சொன்னேன். நீங்க வேற எதையாக்கும் கேட்டிருக்கீங்க?"

தமிழில் பிறந்து, தமிழில் சண்டை போட்டு, தமிழில் செபம் சொல்லி வளர்ந்த ஓர் ஊருக்கு, குழந்தை விழுந்தால்கூட வாயில் வருகிற அந்த வார்த்தை புரியாமல் போயிற்று. புரியாமல் போகவில்லை. எது வசதியோ அது காதில் விழுந்தது.

மேடம் கிட்டே வந்து என் நெற்றியைப் பார்த்தார். விரலால் தொட்டு, தேய்த்து, மோந்து பார்த்தார். "இது என்ன?"

"மாதா தூள்."

"எங்க இருந்து?"

அதைச் சொல்லும்போதுகூட எனக்குக் கொஞ்சம் பெருமைதான். காடு சிவப்பதற்கு முந்தின வருஷம், எங்கள் ஊரிலிருந்து கடல் தாண்டிப் போய் நர்ஸாக இருக்கிற ஒரு பெண் கோயிலுக்குக் காணிக்கையாக ஒரு மாதா சுரூபம் அனுப்பியிருந்தாள், ஆளுயரம், பைன் பலகைப் பெட்டியில் படுத்துக்கொண்டே வந்தது. மாதா படுத்து வந்த பலகையை யாராவது அடுப்பில் வைப்பார்களா? கழற்றி வீட்டுக்கு ஒன்றாகப் பங்கு வைத்தோம், ஒருவர் பீடம் செய்தார், ஒருவர் தொட்டில் சட்டம், சந்தியாகு கல்லாப்பெட்டிக்கு மூடி, எனக்கு மேல்பலகை, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் மாடமாக அடித்து வைத்தேன். கொஞ்ச நாளில் அதிலிருந்து மாவு மாதிரி தூள் கொட்ட ஆரம்பித்தது, எல்லார் வீட்டுப் பலகையிலிருந்தும் கொட்டியது, புதுமை என்றார்கள், நெற்றியில் இட்டுக்கொண்டோம், காய்ச்சல் வந்தால் தண்ணீரில் கலக்கிக் குடித்தோம்.

மேடம் மாடத்துக்குப் போய் மாதா படத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். பலகையில் துளைகள், துரப்பணம் போட்ட மாதிரி வட்டமாக. பூட்ஸிலிருந்து ஒரு கத்தியை உருவி ஓரத்தை நெம்பினார். உள்ளே, என் சுண்டுவிரல் பருமனில், வெள்ளையாக ஒரு புழு, வெளிச்சம் பட்டதும் சுருண்டுகொண்டது.

"வண்டுக்க பிள்ளை," என்றார். "நீங்க நெத்தியில வச்சது இதுக்க கழிவு. வெளிநாட்டுப் பலகையச் சூடு காட்டி, முத்திரை குத்தித்தான் அனுப்பணும். இதுல முத்திரையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நோய் இங்க இருந்துதான் கெளம்புது. பவுலின் வீட்டுக்குப் பின்னால நிக்க மரம் காட்டோரத்துல மொத மரம், அதுல போயி எறங்கியிருக்கு. வேற எந்தெந்த வீட்டுல உண்டு?"

"எல்லார் வீட்டுலயும்," என்றேன்.

"இல்ல," என்றார் ராயப்பன், கதவுக்குப் பக்கத்திலிருந்து. பேசாமலே இருக்கிற மனுஷன். "பவுலின் வீட்டுல மட்டும் இல்ல."

அவளும் அன்றைக்கு வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தபோது முடிந்துவிட்டது என்றோம். சுவரில் இன்னும் பலகை சாய்ந்திருந்தது, அவளும் பார்த்தாள், நாங்களும் பார்த்தோம், அவள் வெறும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனாள். அந்தப் பலகையில் ஒன்றுதான் சந்தியாகுவுக்கு மூடியாயிற்று.

ராயப்பன் காதிலிருந்து வண்டு எழுந்து, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, ஜன்னல் வழியாகப் போய்விட்டது. திரும்பி வரவில்லை.

அன்று முழுவதும் கோயில் மைதானத்தில் பலகைகள் எரிந்தன, மாடமும் தொட்டிலும் பீடமும் மூடியும், உள்ளே புழுக்கள் வெடிக்கிற சத்தம் கேட்டது, யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், காட்டிலிருந்து அவை வர ஆரம்பித்திருந்தன. சிவந்த மரத்திலிருந்தும், இன்னும் சிவக்காத மரத்திலிருந்தும், ஒன்று, பத்து, சாரல் மாதிரி, தோளில் தலையில் கையில், எந்த நிற ஸ்வெட்டராலும் மறைக்க முடியாதபடி.

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்துக்கு ஊர் முழுவதும் போயிற்று. பவுலின் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். மேடம் முன்னாலேயே வந்து எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும், அவள் முகத்தில் தெரிந்தது. வண்டு மொய்த்த கூட்டமாக நாங்கள் நின்றோம், வண்டு மொய்த்த ஒருத்தியாக அவள் உட்கார்ந்திருந்தாள். என்னை முன்னால் தள்ளினார்கள். வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன், தெரியாமல் நடந்த தவறு, மனம் பொறுத்துக்கொள்ள வேண்டும், கடவுள் பெயரால். வெள்ளைப் புடவையைச் சரிசெய்துகொண்டு வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் எனக்கு வந்தது. கீழுதட்டில்.

கால்கள் ஆறும் குத்துகிற மாதிரி பிடித்துக்கொண்டு, மீசையை இரண்டு கன்னத்திலும் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தது. வாயை மூட முடியவில்லை. உதடு சேராவிட்டால் எத்தனை எழுத்து வராது என்று அன்றுதான் தெரிந்தது. பவுலின் என்று கூப்பிட வரவில்லை. மன்னிப்பு வரவில்லை. பாவம் வரவே இல்லை. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், பிறகு நிறுத்தினார்கள்.

பஸ் வந்தது. "திண்டுக்கல், வத்தலக்குண்டு! ஏறுக்கா, பெட்டியைக் குடு," என்றார் கண்டக்டர்.

பவுலின் எழுந்தாள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள், அவசரமில்லாமல். "நான் எதுக்குண்ணே ஏறணும்?" என்றாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். காட்டுப்பக்கமாக இல்லை, முன்தெரு வழியாக, நடுரோட்டில்.

அவள் போயிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கொஞ்ச நாள் வருந்தி, ஒரு பூசை வைத்து, மறந்திருப்போம். அவள் அந்த வசதியைத் தரவில்லை. தினமும் காலையில், ஊர் விழித்திருக்கிற நேரத்தில், முக்காடு இல்லாமல், குடத்தோடு முன்தெருவில் வருகிறாள். அவள் எந்த வீட்டைத் தாண்டுகிறாளோ அந்த வீட்டு வாசலில் நிற்கிறவர்கள்மேல் காட்டிலிருந்து வண்டுகள் வந்து இறங்குகின்றன, அவளுக்குப் பின்னாலேயே சுகிர்தா மேடம் சாமணமும் குப்பியுமாக வந்து அவற்றைப் பொறுக்கிக்கொள்கிறார், கறுப்புப் புனல்களையெல்லாம் கழற்றியாயிற்று. "கொஞ்சம் சுத்திப் போறியளா, மேலத்தெரு வழியா?" என்று அவளிடம் கேட்பார், அவளும் சுற்றிப் போவாள். காட்டை வெட்டுகிற பேச்சு நின்றுவிட்டது. சிவக்காத மரங்கள் சிவக்காமலே இருக்கின்றன. நாங்கள் வெட்கப்பட வெட்கப்படக் காடு பிழைக்கிறது, சோளம் விற்கிறது. பவுலின்மேல் இருந்தவை ஒரேயடியாகப் பறந்துவிடவில்லை. தப்பு தன்மேல் இல்லை என்று தெரிந்த நிமிஷமே வெட்கம் போய்விடும் என்று நினைக்கிறவர்களுக்கு வெட்கத்தைப் பற்றி எதுவும் தெரியாது. ஒவ்வொன்றாகத்தான் போயின, அவள் நடக்க நடக்க. போன வாரம் பார்த்தபோது முதுகில் ஒன்றே ஒன்று இருந்தது.

என்னுடையது போகவில்லை. மேடம் எடுப்பார், அது திரும்பி வரும். ஓரமாகச் சாப்பிடப் பழகிவிட்டேன். பேசுவதில் பாதி போய்விட்டது, ராயப்பன் வீட்டில் சத்தமாகப் பாட்டுக் கேட்கிறார்.

இன்று காலை அவள் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றேன். கிட்டே வந்ததும் கையை நீட்டினேன். அவள் நின்றாள். குடம் இடுப்பில் தளும்பியது. தெரியாமச் செஞ்சுட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அதற்கும் உதடு சேர வேண்டியிருந்தது. உதடு சேராமல் வருகிறது எதுவோ அது வந்தது.

"தெரிஞ்சேதான் செஞ்சேன்," என்றேன்.

பவுலின் என் வாயைப் பார்த்தாள், பிறகு கண்ணைப் பார்த்தாள். குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"இருக்கட்டும்," என்றாள்.

போனாள். ஆறுதலாகச் சொன்னாளா, இல்லை உதட்டில் இருப்பதைப் பார்த்துச் சொன்னாளா என்று நான் யாரிடமும் கேட்கப்போவதில்லை.